'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தியது யார்? ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்களும் அந்தரங்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைஃபை பாஸ்வேர்டு கேட்கும் பொருட்கள் வீட்டில் கூடிக்கொண்டே போகின்றன. டிவியில் தொடங்கி ஏசி, வாசல் மணி, ஸ்பீக்கர், தரை துடைக்கும் ரோபோ, ஏர் ஃபிரையர் வரை வந்தாயிற்று. இவற்றைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு ஓரிரு வரியே போதும்.

ஒரு ஏசியோ வாஷிங் மெஷினோ என்னைப் பற்றி என்ன பெரிதாகத் தெரிந்துகொள்ளப் போகிறது?

தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. எப்போது போட்டீர்கள், எப்போது அணைத்தீர்கள், எத்தனை டிகிரி வைத்தீர்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த நேரங்களையெல்லாம் சில மாதங்களுக்குச் சேர்த்து வைத்தால் வீட்டின் நடமாட்டமே தெரிந்துவிடும். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எந்த வாரம் ஊரில் இல்லை, பகலில் வீட்டில் ஆள் உண்டா என்று கேட்டால் பதில் அதிலேயே இருக்கும்.

இது இன்று நேற்று தெரிந்த விஷயம் இல்லை. 1980களில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜார்ஜ் ஹார்ட் என்பவர், வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை ஒரே இடத்தில் அளந்து, உள்ளே எந்தச் சாதனம் எப்போது ஓடுகிறது என்று பிரித்துச் சொல்லும் முறையை உருவாக்கினார். இதை வைத்து ஒரு வீட்டையே வேவு பார்க்கலாம் என்று 1989-ல் கட்டுரை எழுதி எச்சரித்ததும் அவரேதான்.

2015-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் நடந்த ஒரு கொலை வழக்கில் தண்ணீர் மீட்டர் சாட்சிக்கு வந்தது. இரவு 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே அந்த வீட்டில் 140 காலன், அதாவது சுமார் 530 லிட்டர் தண்ணீர் செலவாகியிருந்ததைப் போலீஸ் சுட்டிக்காட்டியது. வீட்டிலிருந்த அமேசான் எக்கோ ஸ்பீக்கரின் பதிவுகளையும் கேட்டு வாங்கினார்கள். 2017-ல் அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டுவிட்டது. ஆனாலும், அந்த மீட்டரைப் பொருத்திய அன்று இப்படி ஒரு நாள் வரும் என்று அந்த வீட்டில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஸ்மார்ட் டிவி நான் பார்ப்பதைப் பார்க்கிறதாமே, நிஜமா?

நிஜம்தான். பலரும் கேமராவையோ மைக்கையோ நினைத்துப் பயப்படுகிறார்கள். டிவியில் நடப்பது வேறு. திரையில் ஓடும் படத்தை டிவியே அடிக்கடி சிறு துண்டாகப் பிடித்து, அதிலிருந்து ஒரு கைரேகை போன்ற அடையாளத்தைத் தயாரித்து, கம்பெனியின் சர்வருக்கு அனுப்புகிறது. அங்கே அதை ஒப்பிட்டுப் பார்த்து, நீங்கள் பார்ப்பது எந்த நிகழ்ச்சி, எந்த விளம்பரம் என்று கண்டுபிடிக்கிறார்கள். இதற்கு ஏசிஆர் என்று பெயர்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ், கலிஃபோர்னியா டேவிஸ், மாட்ரிட் ஆகிய இடங்களின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து 2024-ல் சாம்சங், எல்ஜி டிவிகளை இதற்காகவே ஆராய்ந்தார்கள். எல்ஜி டிவி 10 மில்லி விநாடிக்கு ஒரு முறையும் சாம்சங் டிவி 500 மில்லி விநாடிக்கு ஒரு முறையும் திரையைப் பிடிப்பதாக எழுதினார்கள். இன்னொன்றையும் கண்டார்கள். ஹெச்டிஎம்ஐ வயர் வழியாக லேப்டாப்பைச் செருகி, டிவியை வெறும் திரையாக வைத்திருந்தபோதும் அந்த வேலை நிற்கவில்லை. நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் போன்ற ஆப்களை டிவியிலேயே ஓட்டும்போது மட்டும் அது ஒதுங்கிக்கொண்டது. அவை வேறு பெரிய கம்பெனிகளின் சரக்கு அல்லவா. நம் வீட்டுத் திருமண வீடியோவுக்கு அந்த மரியாதை கிடையாது.

பழைய கதை விசியோ என்ற அமெரிக்க டிவி கம்பெனியுடையது. 2014 பிப்ரவரியிலிருந்து அந்தக் கம்பெனி ஒரு கோடியே 10 லட்சம் டிவிகளில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று விநாடிக்கு விநாடி சேகரித்து வெளியாருக்கு விற்றது என்பது குற்றச்சாட்டு. 2017-ல் எஃப்டிசி எனப்படும் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துக்கும் நியூஜெர்சி மாநிலத்துக்கும் 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. 2025 டிசம்பரில் டெக்சஸ் மாநில அரசு வழக்கறிஞர் சோனி, சாம்சங், எல்ஜி, ஹைசென்ஸ், டிசிஎல் ஐந்து பேர் மீதும் இதே ஏசிஆர் விவகாரத்தில் வழக்குப் போட்டார்.

இவர்களுக்கு எதற்கு இவ்வளவு தகவல்? டிவியை விற்றதோடு காசு வந்துவிட்டதே?

டிவி விற்பதில் மிச்சம் குறைவு. 2021-ன் ஒரு காலாண்டுக் கணக்கில் விசியோவுக்கு டிவிகளை விற்றுக் கிடைத்த லாபத்தைப் போல இரு மடங்குக்கும் மேல், விளம்பரமும் தகவலும் சார்ந்த பிரிவிலிருந்து கிடைத்திருந்தது. 2024 பிப்ரவரியில் அந்தக் கம்பெனியை 230 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக, கடைகள் நடத்தும் வால்மார்ட் அறிவித்ததன் காரணமும் இதுதான். எந்த வீட்டில் எந்த விளம்பரம் ஓடியது என்பதும், அந்த வீட்டுக்காரர் கடையில் எதை வாங்கினார் என்பதும் ஒரே கையில் சேர்ந்தால் அதன் மதிப்பே தனி.

அதே ஆசை ஃபிரிட்ஜுக்கும் வந்துவிட்டது. 2025-ல் சாம்சங், அமெரிக்காவில் திரை வைத்த தன் ஃபேமிலி ஹப் ஃபிரிட்ஜுகளில் சாஃப்ட்வேர் அப்டேட் வழியாக விளம்பரம் காட்டிப் பார்த்தது. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கியவர்களின் சமையலறையில்! வாங்கிய நாளில் இருந்த பொருளும் அடுத்த வருடம் வீட்டில் இருக்கும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதை அந்த அப்டேட் காட்டிவிட்டது.

சரி, டிவியில் அதை எப்படி அணைப்பது?

செட்டிங்ஸில் பிரைவசி அல்லது டெர்ம்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்', விசியோவில் 'வியூயிங் டேட்டா', சோனியின் சில மாடல்களில் 'சம்பா இன்டராக்டிவ் டிவி' என்று இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும். மேலே சொன்ன ஆய்வில், இவற்றை அணைத்ததும் ஏசிஆர் போக்குவரத்து உண்மையாகவே நின்றது. அதனால் இது வெறும் கண்துடைப்பு பட்டன் இல்லை. பெரிய அப்டேட் வந்த பிறகு ஒரு முறை திரும்பப் போய்ப் பாருங்கள்.

டிவிக்கு நெட்டே கொடுக்காமல் விட்டால்?

தாராளமாக விடலாம். செட்டாப் பாக்ஸும் ஹெச்டிஎம்ஐயும் நெட் இல்லாமலே வேலை செய்யும். ஆனால் அதில் நெட்டிலிருந்து படம் ஓட்டும் ஒரு ஸ்டிக்கைச் செருகினால், அந்த ஸ்டிக்கின் கம்பெனிக்கு உங்கள் தகவல் போகும். ஆள் மாறுகிறது, அவ்வளவுதான்.

ஸ்மார்ட் ஸ்பீக்கர் நாள் முழுக்க ஒட்டுக்கேட்கிறதா?

மைக் நாள் முழுக்கத் திறந்திருக்கிறது. ஆனால் பேசுவதெல்லாம் நாள் முழுக்க வெளியே போவதில்லை. 'அலெக்சா' மாதிரி அழைப்புச் சொல் காதில் விழுகிறதா என்று சாதனத்துக்குள்ளேயே ஒரு சிறு நிரல் கவனித்துக்கொண்டிருக்கும். விழுந்தால்தான் அதற்குப் பிந்தைய பேச்சு சர்வருக்குப் போகும்.

சிக்கல் எங்கே என்றால், அந்தச் சொல்லைத் தப்பாகக் கேட்பது சகஜம். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் பல ஸ்பீக்கர்களுக்கு முன்னால் டிவி தொடர்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். யாரும் கூப்பிடாமலே ஒரு நாளைக்குச் சராசரியாக 1.5 முதல் 19 முறை வரை அவை விழித்துக்கொண்டன.

அப்படிப் போன பேச்சை யார் கேட்டார்கள் என்பது 2019-ல் வெளியே வந்தது. அலெக்சாவின் பதிவுகளை அமேசானின் ஊழியர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் உட்கார்ந்து கேட்டு எழுதுவதை ஏப்ரலில் புளூம்பெர்க் வெளியிட்டது. ஜூலையில் பெல்ஜியத்தின் விஆர்டி ஒலிபரப்பு கூகுளைப் பற்றியும், பிரிட்டனின் கார்டியன் ஆப்பிளின் சிரியைப் பற்றியும் இதையே எழுதின. சிரியைப் பற்றிய வழக்கில் 9.5 கோடி டாலர் தருவதாக 2025 தொடக்கத்தில் ஆப்பிள் சமரசம் செய்துகொண்டது.

குழந்தைகள் விஷயத்தில் நடந்தது எனக்கு இன்னும் மோசமாகப் படுகிறது. அலெக்சாவில் குழந்தைகள் பேசியதை வேண்டிய காலத்துக்கு மேல் வைத்திருந்ததாகவும், பெற்றோர் அழிக்கச் சொன்ன பிறகும் எழுத்து வடிவத்தை விட்டுவைத்ததாகவும் எஃப்டிசி குற்றம் சாட்டியது. 2023-ல் அமேசான் 2.5 கோடி டாலர் கட்டியது. 'டெலிட்' என்று போட்டிருந்த பட்டன் பாதிதான் டெலிட் செய்தது என்று அர்த்தம்.

இன்னொரு செய்தி: அமெரிக்காவில் சில எக்கோ மாடல்களில், குரலை வெளியே அனுப்பாமல் சாதனத்துக்குள்ளேயே புரிந்துகொள்ளும் வசதி இருந்தது. 2025 மார்ச் 28 அன்று அமேசான் அதை எடுத்துவிட்டது. பதிவைச் சேமிக்க வேண்டாம் என்று சொல்லலாம்; அனுப்ப வேண்டாம் என்று சொல்ல முடியாது.

மைக்கை அணைக்கும் பட்டன் போதுமா?

போதும், யாராவது நினைவாக அழுத்தினால். முக்கியமான பேச்சு நடக்கும் அறையில் ஸ்பீக்கரை வைக்காமலே இருப்பது இன்னும் எளிது. வேண்டும்போது பிளக்கைச் சொருகிக்கொள்ளலாம்.

தரை துடைக்கும் ரோபோவில் என்ன ஆபத்து?

சுவரும் கட்டிலும் எங்கே என்று தெரிந்தால்தான் அது ஓட முடியும். அதனால் வீட்டின் வரைபடம் அதனிடம் இருக்கிறது. சில மாடல்களில் கேமராவும் உண்டு.

2022 டிசம்பரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் வெளியிட்ட செய்தி இது. ஐரோபோட் கம்பெனியின் சோதனை ரோபோக்கள் 2020-ல் வீடுகளுக்குள் எடுத்த படங்கள், அவற்றில் என்ன தெரிகிறது என்று குறித்துத் தரும் வேலைக்காக வெனிசுவேலாவில் இருந்த தற்காலிகப் பணியாளர்களிடம் போயிருந்தன. அவர்களில் சிலர் அவற்றைத் தங்கள் ஃபேஸ்புக், டிஸ்கார்டு குழுக்களில் போட்டுவிட்டார்கள். ஒரு படத்தில் கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். இன்னொன்றில் தரையில் படுத்திருக்கும் ஒரு சிறுவன்.

கம்பெனியின் பதில், இவை கடையில் விற்ற ரோபோக்கள் இல்லை, சோதனைக்காக ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தவை என்பது. சரிதான். ஆனால் கையெழுத்துப் போட்டது வீட்டில் ஒருவர். படத்தில் விழுவது வீட்டில் இருக்கும் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். ஸ்மார்ட் சாதனங்கள் பற்றிய சங்கடங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம். கம்பெனியோடு பேரம் பேசியவர் ஒருவர். வாழ்கிறவர்கள் நாலு பேர். வந்துபோகிறவர்கள் பத்துப் பேர்.

2024 மே மாதம் அமெரிக்காவின் சில ஊர்களில் எக்கோவாக்ஸ் டீபாட் ரோபோக்களை யாரோ வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு, அவற்றின் ஸ்பீக்கர் வழியாக வீட்டுக்காரர்களை இனவசை பாடிய கூத்தும் நடந்தது. வாங்குவதானால் கேமரா இல்லாத, லேசரை வைத்து வழி பார்க்கும் மாடலைப் பாருங்கள். தரை அதே அளவு சுத்தமாகத்தான் இருக்கும்.

என் வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது? யார் மெனக்கெட்டு ஹேக் செய்யப் போகிறார்கள்?

யாரும் உங்களைத் தேடி வருவதில்லை. திறந்து கிடக்கும் கதவுகளை நிரல்கள் தாமாகவே தேடிக்கொண்டே இருக்கின்றன. 2016-ல் மிராய் என்ற நிரல் உலகம் முழுக்க இருந்த கேமராக்களிலும் சிசிடிவி ரெக்கார்டர்களிலும் நுழைந்தது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கம்பெனி வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டுகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு வரிசையாகப் போட்டுப் பார்த்தது. அப்படிச் சேர்ந்த படை அந்த வருடம் அக்டோபர் 21 அன்று, தளங்களின் பெயரை வைத்து அவற்றின் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் திண்டாடின. அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

பார்க்க ஒன்றுமில்லை என்பதும் சரியில்லை. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் யூடியூபில் தலைகாட்டி, டெலிகிராமில் விலைக்கு வந்தன. அட்மின் என்ற சொல்லோடு மூன்று எண்களைச் சேர்த்த பாஸ்வேர்டுதான் கதவைத் திறந்துவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது. பரிசோதனைக்கு வந்திருந்த பெண்களில் ஒருவரும் அந்தக் கேமராவுக்குச் சம்மதம் சொன்னவர் இல்லை.

ஹேக் ஆகாவிட்டால் பயமில்லையே?

உள்ளே இருப்பவர்கள் பார்த்தால்? அமேசானின் ரிங் கேமரா கம்பெனியில் ஓர் ஊழியர், படுக்கையறை, குளியலறை போன்ற இடங்களில் கேமரா வைத்திருந்த பெண்களின் ஆயிரக்கணக்கான வீடியோக்களை மாதக்கணக்கில் பார்த்துவந்ததாக எஃப்டிசியின் 2023 வழக்கு சொன்னது. 58 லட்சம் டாலரில் அது முடிந்தது. கம்பெனியால் திறக்க முடிகிற பூட்டு என்றால், கம்பெனியில் வேலை செய்கிறவரால் திறக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'எல்லாம் என்கிரிப்ட் செய்துதான் அனுப்புகிறோம்' என்று போட்டிருக்கிறதே?

நல்லதுதான், வழியில் யாரும் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. ஆனால் எப்போது, எவ்வளவு போகிறது என்பது தெரியும். பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2017-ல் தூக்கத்தை அளக்கும் கருவி, கேமரா, ஸ்விட்ச், எக்கோ ஆகியவற்றின் போக்குவரத்து அளவை மட்டும் பார்த்து, ஆள் எப்போது தூங்கினார், எப்போது கேமரா முன் அசைவு இருந்தது என்று சொன்னார்கள். ஒரு வரியைக்கூட அவர்கள் திறந்து படிக்கவில்லை. தவிர, கம்பெனியிடம் போய்ச் சேர்ந்த பிறகு அது என்ன ஆகும் என்பதற்கும் அந்த வாக்கியத்துக்கும் சம்பந்தமில்லை.

ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்காக ஹாலில் கேமரா வைக்கலாமா?

வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது. கவலை நியாயமானது. கீழே விழுந்தால் யாருக்குத் தெரியும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது.

முதலில் அவர்களிடம் கேளுங்கள். 'கேமரா வெச்சிருக்கேன்ப்பா, பயப்படாதீங்க' என்று பொருத்திய பிறகு சொல்வது கேட்பது ஆகாது. போனில் யார் யார் பார்க்க முடியும் என்று பெயர் சொல்லுங்கள். மகன் பார்ப்பான் என்று அம்மா ஒப்புக்கொண்டிருப்பார். அதே லாகின் மருமகளிடமும், அவருடைய தம்பியிடமும், கேமரா பொருத்த வந்த கடைக்காரரிடமும் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது. வெயில் காலத்தில் வீட்டுக்குள் எப்படி உட்கார்ந்திருப்போம் என்பது நமக்கே தெரியும். அங்கே கேமரா வைத்த பிறகு அந்த அம்மா நாள் முழுக்க முந்தானையைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

பல வீடுகளில் கேமராவே தேவையில்லை. காலையில் சமையலறைக் கதவு திறந்ததா என்று சொல்லும் சென்சார், கூடத்தில் ஆள் நடமாட்டம் இருந்ததா என்று சொல்லும் சென்சார், அழுத்தினால் பிள்ளைக்குப் போன் போகும் பட்டன், இவையே கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடும். கேமராதான் வேண்டும் என்றால் வாசலைப் பார்த்து வையுங்கள், ஒலிப்பதிவை அணையுங்கள், காட்சி வீட்டிலேயே உள்ள மெமரி கார்டில் சேரட்டும். எப்போது வேண்டுமானாலும் அவர்களே அணைக்கும்படி ஸ்விட்சை அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அணைத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டு வேலைக்கு வருபவர் கேமராவில் விழுகிறார். சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். எங்கே இருக்கிறது, ஒலியும் பதிவாகிறதா, எத்தனை நாள் இருக்கும், மூன்றும். அவர் உடை மாற்றும், சாப்பிடும், சற்றுக் கண்ணயரும் இடத்தில் வைக்கவே கூடாது. சொன்னால் வேலைக்கு வரமாட்டாரோ என்று தோன்றினால், அந்தக் கேமரா எதைப் பார்த்து இருக்கிறது என்று ஒரு முறை நீங்களே பாருங்கள்.

கணவன் மனைவிக்குள்ளும் இது பிரச்சினையாகுமா?

ஆகிறது. 2018-ல் நியூயார்க் டைம்ஸ், அமெரிக்காவில் குடும்ப வன்முறையிலிருந்து தப்பிய பெண்களிடம் பேசி எழுதியது. தொடாமலே ஏசி அணைந்துவிடும். வாசல் கதவின் எண் பூட்டு தினம் தினம் மாறும். யாரும் இல்லாமல் வாசல் மணி அடிக்கும். வீட்டைவிட்டுப் போன ஆணின் போனில் ஆப் இன்னும் இருந்ததுதான் காரணம். வீட்டில் சாதனங்களை அமைத்தவர் பெரும்பாலும் ஒருவர்தான். மற்றவருக்கு எந்தக் கணக்கு, எந்த பாஸ்வேர்டு என்பதே தெரியாது. அதனால் இரண்டு பேருக்கும் நிர்வாகி உரிமை இருக்கும்படி அமைப்பதை வாங்கிய அன்றே செய்துவிடுங்கள். ஏற்கெனவே பயத்தோடு வாழ்பவர் மட்டும் சட்டென்று எல்லாவற்றையும் துண்டிக்க வேண்டாம். எதிராளிக்கு உடனே தெரிந்துவிடும். முதலில் பாதுகாப்பான ஓர் இடத்திலிருந்து, வேறொரு போனில் உதவி கேட்பது நல்லது. பெண்களுக்கான உதவி எண் 181.

ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பி கேமரா வைத்தால் கேட்க வழி உண்டா?

உண்டு. கொல்கத்தாவில் ஒரே வீட்டில் வசித்த சகோதரர்களுக்குள் இந்தத் தகராறு வந்தது. உடன் வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் வீட்டின் உட்பகுதியில் கேமரா இயக்குவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. 'என் வீடு, என் கேமரா' என்பவர்களுக்குக் காட்ட வேண்டிய தீர்ப்பு.

பக்கத்து வீட்டு கேமரா எங்கள் வாசலைப் பார்க்கிறது.

முதலில் பேசிப் பாருங்கள். பல கேமராக்களில் தேவையற்ற பகுதியை மறைக்கும் வசதி ஆப்பிலேயே இருக்கிறது. வைத்தவருக்கே அது தெரிவதில்லை. இங்கிலாந்தில் 2021-ல் ஆக்ஸ்ஃபோர்டு கவுன்ட்டி நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில் அண்டை வீட்டாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதில் நீதிபதி படத்தைவிட ஒலிப்பதிவைத்தான் கடுமையாகப் பார்த்தார், ஏனென்றால் அந்த மைக் எட்டும் தூரம் அதிகம். நம் ஊரில் குளியலறை ஜன்னல் மாதிரி இடத்தைப் படம் பிடித்தால் அது அண்டை வீட்டுச் சண்டை இல்லை, குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவும் அதற்குத்தான் இருக்கின்றன.

ஏர் ஃபிரையர் ஆப் எதற்கு மைக் அனுமதி கேட்கிறது?

பிரிட்டனின் விச் என்ற நுகர்வோர் அமைப்பும் 2024-ல் இதைத்தான் கேட்டது. அவர்கள் சோதித்த மூன்று ஏர் ஃபிரையர்களின் ஆப்களும் போனின் துல்லிய இருப்பிடத்தையும் ஒலிப்பதிவு அனுமதியையும் கேட்டன. ஒரு கம்பெனி நூறு பொருளுக்கு ஒரே ஆப் வைத்திருப்பதால், கேமராவுக்கு வேண்டிய அனுமதியை அடுப்புக்கும் சேர்த்துக் கேட்பது உண்டு. உள்நோக்கம் இருக்கிறதோ இல்லையோ, 'அனுமதிக்காதே' என்று அழுத்துங்கள். உருளைக்கிழங்கு வேகும்.

மின் வாரியம் பொருத்தும் ஸ்மார்ட் மீட்டரும் இதில் சேருமா?

சேரும், ஒரு வித்தியாசத்தோடு: இதை வாங்கலாமா வேண்டாமா என்று நம்மை யாரும் கேட்பதில்லை. நாடு முழுக்க 25 கோடி மீட்டர்களை மாற்றுவது மத்திய அரசின் திட்டம். மாதத்துக்கு ஓர் அளவீடு என்பது போய், கால் மணிக்கோ அரை மணிக்கோ ஓர் அளவீடு வரும்போது, ஹார்ட் எச்சரித்தது நம் வாசலுக்கே வருகிறது. நெதர்லாந்தில் 2009-ல் கட்டாய ஸ்மார்ட் மீட்டர் மசோதாவை மேலவை இந்தக் காரணத்தால் தடுத்து, கட்டாயத்தை எடுக்க வைத்தது. அமெரிக்காவின் நேப்பர்வில் நகர வழக்கில் 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 15 நிமிட அளவீடு எடுப்பது அரசே ஒருவரின் வீட்டைச் சோதனையிடுவதற்குச் சமம், ஆனால் மின் நிர்வாகத்துக்காக என்பதால் நியாயமான சோதனை என்றது. போலீஸ் கேட்டிருந்தால் பதில் வேறாக இருக்கலாம் என்றும் கோடிட்டது. நம் ஊரில் இந்த அளவீடுகள் எத்தனை நாள் இருக்கும், யார் கேட்டால் தரப்படும் என்பதை பில்லின் பின்பக்கத்திலாவது அச்சிட்டால் நல்லது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027-ல் நடைமுறைக்கு வரும். தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது, சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் தரச்சொல்லிக் கேட்கலாம் என்பது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் எல்லாவற்றுக்கும் அந்த வாய்ப்பு உண்டு. பிடிக்காதது, தனிமனிதர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்குத் தகவல் எடுத்தால் சட்டம் அவரைத் தொடாது என்பது. கம்பெனியைக் கேட்கலாம், கேமரா வைத்த வீட்டுக்காரரை இந்தச் சட்டத்தை வைத்துக் கேட்க முடியாது. கொல்கத்தா வழக்கு மாதிரி அந்தரங்க உரிமையைச் சொல்லித்தான் நீதிமன்றம் போக வேண்டும்.

இன்னொரு நல்ல மாற்றம்: 2025 ஏப்ரலிலிருந்து நெட்டில் இணையும் சிசிடிவி கேமராக்கள் இந்தியாவில் விற்பனைக்கு வருமுன் அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட வேண்டும்.

புதிதாக வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: நெட் போனால் இது வேலை செய்யுமா? ரிமோட்டிலும் ஸ்விட்சிலும் முழுதாக ஓடும் ஏசிக்கு ஆப் ஒரு கூடுதல் வசதி. ஆப் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காத பொருளுக்கு, கம்பெனி உயிரோடு இருக்கும்வரைதான் ஆயுள். 2016-ல், பல சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ரிவால்வ் என்ற வீட்டு ஹப்பை கூகுள் குழுமத்து நெஸ்ட் நிறுத்தியதும், வாங்கியவர்கள் கையில் இருந்தது வெறும் டப்பா. 2022-ல் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் சாதனக் கம்பெனி ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை மூடியது.

அடுத்து, எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று அட்டைப்பெட்டியிலோ தளத்திலோ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இதைச் சொல்வது கட்டாயம். எல்லாச் சாதனத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்பதும் அங்கே தடை. அங்கே விற்கும் மாடல்தான் இங்கேயும் என்றால் அந்த நாட்டுத் தளத்திலேயே பார்த்துவிடலாம். கணினியில் கொஞ்சம் கை வைக்கத் தெரிந்தவர் என்றால், ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளை வீட்டிலேயே ஓட்டி, பல சாதனங்களை வெளி சர்வர் இல்லாமல் இயக்கலாம். பொறுமை வேண்டும். எல்லோருக்கும் சொல்ல மாட்டேன்.

ஏற்கெனவே ஏழெட்டுச் சாதனம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் என்ன செய்யலாம்?

ரூட்டரின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதில் கெஸ்ட் நெட்வொர்க் என்று ஒன்று இருக்கும். சாதனங்களையெல்லாம் அதில் போட்டுவிட்டு, போனையும் லேப்டாப்பையும் மட்டும் முதன்மை நெட்வொர்க்கில் வையுங்கள். கேமராக்களுக்கு வேறு எங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டும், ஓடிபி கேட்கும் இரண்டாம் பூட்டும் போடுங்கள். ஆப்களின் மைக், இருப்பிட அனுமதிகளைப் போன் செட்டிங்ஸில் போய்க் குறையுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஆப்பிலும் யார் யாருக்கு அணுகல் இருக்கிறது என்று பாருங்கள். பழைய வாடகைதாரர், பொருத்த வந்தவர், நீங்கள் தூக்கிப் போட்ட பழைய போன் என்று ஏதாவது ஒன்று அங்கே நிச்சயம் உட்கார்ந்திருக்கும்.

பழைய சாதனத்தை விற்கலாமா?

ஃபேக்டரி ரீசெட் செய்து, உங்கள் கணக்கிலிருந்தும் நீக்கிய பிறகு விற்கலாம். ஒன்றை மட்டும் செய்தால் போதாது. 2019-ல் நெஸ்ட் கேமரா ஒன்றை விற்றவர், வாங்கியவரின் வீட்டுப் படத்தைத் தன் பழைய ஹப் வழியாகப் பார்க்க முடிந்தது. ரீசெட் செய்தும் அந்த இணைப்பு அறுபடவில்லை. கூகுள் பிறகு அதைச் சரிசெய்தது. வாங்குகிறவரானால் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நீங்களே ஒரு முறை ரீசெட் செய்துகொள்ளுங்கள். கேமராவை மட்டும் பழையதாக வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.